உன் ஷீட்டு, என் கிரீஸ்

பாப்பா,

நேத்து போன்ல "லேப்ல உரிச்ச மெல்லிசு ஷீட்டு, அந்த ஃப்ளேக் கிழிஞ்சிடுச்சுப்பா, மூணு வாரம் வேஸ்ட்"னு சொல்லி டக்குனு வச்சிட்ட. திரும்ப போன் பண்ணா அழுவியோன்னு பண்ணல, அதான் டைப் பண்றேன், தப்பு இருந்தா விட்டுடு.

காலைல உன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருந்த பென்சில் கரியை, அதான் கிராஃபைட்டை, பிளேடால சுரண்டி செல்லோடேப்ல கொட்டி, மடிச்சு ஒட்டி உரிச்சேன், திரும்ப மடிச்சு உரிச்சேன், பத்து வாட்டி இருக்கும். முதல்ல தார் மாதிரி கறுப்பு, அப்புறம் சாம்பல், கடைசில ஜன்னல்ல தூக்கிப் பிடிச்சாத்தான் லேசா ஒரு கறை. நீ இருக்கற அதே மான்செஸ்டர்ல 2004ல கைம், நோவோசெலோவ்னு ரெண்டு விஞ்ஞானிங்க இப்படி டேப்ல உரிச்சுதான ஒரே அணு கனத்துக்கு கிராஃபீன் எடுத்தாங்க, 2010ல நோபலும் வாங்கினாங்க. எனக்கு கிடைச்சது உங்கம்மாகிட்ட திட்டு, அந்த டேப்பு கொலு பெட்டிக்கு வச்சிருந்ததாம்.

அம்பத்தூர்ல லேத்ல நிக்கறப்ப பாயிண்ட் ஜீரோ ஒன் எம்எம் தப்பினாலே ஜாப் ரிஜெக்ட், சூப்பர்வைசர் மூஞ்சில விட்டெறிவான். நீ சொன்ன கணக்குப்படி அந்த பாயிண்ட் ஜீரோ ஒன்லயே கிராஃபைட் லேயர் கிட்டத்தட்ட 30,000 அடங்குது. அப்படி ஒரு லேயர தனியா தூக்கி வேற இடத்துல வைக்கறது உன் வேலை, கிழியாம என்ன பண்ணும்?

ஆனா நீ இப்ப உரிக்கற மாலிப்டினம் டைசல்ஃபைடு எனக்கு பழைய சிநேகிதம். அத கலந்து மாலி கிரீஸ்னு டப்பால வரும், ரேகைக்குள்ள ஏறிட்டா மரத்தூள் போட்டு தேச்சாலும் போகாது, சாயங்காலம் உன்ன தூக்கினா பாவாடைல அஞ்சு விரலும் பதியும். அது ஏன் வழுக்குதுன்னு அப்ப யாரும் சொல்லல. நடுவுல மாலிப்டினம், மேலயும் கீழயும் கந்தகம், ஷீட்டுக்குள்ள பிடிப்பு கெட்டி, ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல லூசு, அதான் நழுவுதுன்னு நீ சொல்லித்தான் தெரியும். அந்த லூசு பிடிப்புலதான் என் பேரிங் ஓடிச்சு, உனக்கும் உரிஞ்சு வருது. ஒத்த ஷீட்டா ஆனா வெளிச்சம் பட்டதும் நல்லா ஒளிரும், கட்டியா இருந்தா அவ்வளவா ஒளிராதுன்னியே, அத மட்டும் இன்னும் நம்ப முடியல போ.

எதிர்வீட்டு பையன் அடுத்த மாசம் அங்க வர்றான், பருப்புப்பொடியோட என் டேப்பையும் கொடுத்தனுப்பறேன். உன் மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாரு, ஒரு லேயராவது தேறுமான்னு சொல்லு.

அப்பா