எடைக்குப் போகும் டோர் க்ளோசர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரியில் பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை, மரத் தூண் எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள். திறந்த கதவைத் தானாகச் சாத்த, கதவுக்கு மேலே இருக்கும் டோர் க்ளோசரையும், அதே வேலைக்குத் தரையில் புதைந்திருக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங்கையும் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. திருப்பாதிரிப்புலியூரில் பட்டறை வைத்து இவற்றைப் பழுது பார்ப்பவன் நான். என் அப்பா செய்த தொழிலும் இதுதான்.

சமீபத்தில் ஒயிட் டவுனில் ஒரு வீட்டுக்குக் கதவு மாட்டக் கூப்பிட்டிருந்தார்கள். கழற்றிய சாமான்கள் பின்கட்டில் குவிந்து கிடந்தன. பித்தளை மூடி போட்ட ஃப்ளோர் ஸ்பிரிங்குகள், வார்ப்பிரும்பு உடம்போடு ‘பிரிட்டன்’ என்ற பெயரில் வந்த இங்கிலாந்துத் தயாரிப்பு க்ளோசர் ஒன்று. எல்லாமே பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகிறது என்றார் மேஸ்திரி. க்ளோசரை எடுத்து, கதவோடு இணைக்கும் கையான ஆர்மைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்பிரிங்கின் முறுக்கு அப்படியே இருந்தது. போயிருந்தது உள்ளே இருக்கும் எண்ணெயும், அது கசியாமல் தடுக்கும் சீலும்தான். வயிறெரிந்தது.

கதவைத் திறக்கும்போது நம் கை பலம் ஸ்பிரிங்கில் ஏறுகிறது. விட்டதும் ஸ்பிரிங் கதவை இழுக்கிறது. அது மட்டும் இருந்தால் கதவு அறைந்து சாத்தும். உள்ளே பிஸ்டன் ஒரு சின்ன துவாரம் வழியாக எண்ணெயைத் தள்ள வேண்டியிருப்பதால்தான் கதவு நிதானமாக வருகிறது. உடம்பில் தெரியும் ஸ்க்ரூ அந்தத் துவாரத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு. ஆகவே கதவு அறைகிறது என்றால் பெரும்பாலும் எண்ணெய் கசிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஆனால் "ஸ்பிரிங் போச்சு, புதுசு மாத்திடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள்.

பழைய க்ளோசர்களின் மூடி மரை போட்டது. கழற்றலாம், கழுவலாம், தோல் பேக்கிங் இருந்த இடத்தில் புதிதாக வெட்டிப் போடலாம், அச்சு சுழலும் வளையமான புஷ் தேய்ந்திருந்தால் அதை லேத்தில் கடைந்து மாற்றலாம். இன்று மலிவாக வரும் அலுமினிய க்ளோசர்கள் பலவற்றைத் திறக்கவே வழியில்லை. கசிந்தால் குப்பைதான். பிரித்து மாட்டக்கூடிய பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு, பிரிக்க முடியாததைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இது எனக்குப் பிடிபடவே இல்லை.

பழுது பார்ப்பதிலும் சில கவனங்கள் உண்டு. ஸ்பிரிங் முறுக்கில் இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, முகத்தில் வந்து அடிக்கும். ஆர்ம் மாட்டும் அச்சுதான் ஸ்பிண்டில். துருப்பிடித்துக் குழி விழுந்த ஸ்பிண்டிலில் புது சீல் போட்டால் சீக்கிரமே கிழித்துவிடும். முதலில் ஸ்பிண்டிலை மெருகேற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சாதாரண ரப்பர் சீலை ஊற வைத்துக் கெடுத்துவிடும். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் கதவு பாதியில் நிற்கும். ரொம்ப லேசானதாக இருந்தால் வெயில் நேரத்தில் இன்னும் நீர்த்துப்போய்க் கதவு அறையும். எண்ணெய் ஊற்றிய பிறகு ஆர்மை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இந்தப் பொறுமை இருந்தால் போதும்.

ஃப்ளோர் ஸ்பிரிங்குக்கு நம் ஊரில் பெரிய எதிரி தண்ணீர். கதவின் முழு பாரமும் தரையில் உள்ள அந்தப் பெட்டியின் மேல்தான் நிற்கிறது. கதவின் மேல் முனையைத் தாங்கும் முளையான பிவட் கதவை நேராகப் பிடித்துக்கொள்வதோடு சரி. 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படித் தண்ணீர் புகுந்த பெட்டியை உடனே திறந்து துடைத்துக் காயவைத்து, சுற்றியுள்ள இடைவெளியில் தண்ணீர் இறங்காதபடி கிரீஸ் அடைத்தால் பிழைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் உப்பும் ஈரமும் இரும்பைத் தின்றுவிடும்.

2014 நவம்பரில் இடிந்து விழுந்த, பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடத்தைப் பழைய உருவத்திலேயே எழுப்பிய ஊர் இது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைக் கட்டியபோது கதவு, ஜன்னல்களுக்கான பித்தளைச் சாமான்களை இங்கேயே வார்த்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் பழைய கதவுச் சாமான்கள் கிலோ கணக்கில் விலைபோகக் கூடாது.

டோர் க்ளோசருக்கு ஐ.எஸ். 3564, ஃப்ளோர் ஸ்பிரிங்குக்கு ஐ.எஸ். 6315 என்று இந்தியத் தர எண்கள் இருக்கின்றன. புதிது வாங்குவதற்கு அவை உதவும். பழையதைச் சரிசெய்து மாட்டுவதற்கு, நான் பார்த்த எந்த டெண்டரிலும் ஒரு வரி கிடையாது. பொதுப்பணித் துறை அதைச் சேர்க்க வேண்டும். கதவைக் கழற்றும்போதே எந்தக் கதவின் க்ளோசர் எது என்று சீட்டுக் கட்டி வைக்கச் சொல்ல வேண்டும். தீத்தடுப்புக் கதவு மட்டும் விதிவிலக்கு. அங்கே சோதித்துச் சான்று பெற்ற புது க்ளோசர்தான் இருக்க வேண்டும், அதில் நான் வாதாட மாட்டேன்.

அப்புறம், ஐ.டி.ஐ. ஃபிட்டர் மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கலாம். கடலூரிலோ புதுச்சேரியிலோ எந்த ஐ.டி.ஐ. கூப்பிட்டாலும், பட்டறையில் இருக்கும் பழைய க்ளோசர்களோடு வந்து பிரித்துக் காட்டுகிறேன். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
டோர் க்ளோசர் மெக்கானிக்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.