ஐந்து படங்களும் இடப்பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஐந்து படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாயிற்று. சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-8ஆர் பைக்! நான்கு சிலிண்டர் இல்லாவிட்டால் அது வண்டியே இல்லை என்று அண்ணனோடு மல்லுக்கு நின்றவள், கடைசியில் நீயே படித்து நீயே ஓட்டிப் பார்த்து இரட்டை சிலிண்டருக்கு வந்து சேர்ந்திருக்கிறாய். சரியான வண்டியை எடுத்திருக்கிறாய். வாங்குமுன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும்.

சத்தம் வி-ட்வின் மாதிரியே, அதாவது இரண்டு சிலிண்டர் 'வி' வடிவில் நிற்கும் இன்ஜின் மாதிரியே, இருக்கிறது என்று குரல் செய்தியில் சொன்னாயே, அதற்குக் காரணம் கிராங்க், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் கிராங்க் பின்கள் 270 டிகிரி தள்ளி இருக்கின்றன. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் 270 டிகிரி, அதற்குப் பிறகு 450 டிகிரி. 90 டிகிரி வி-ட்வினிலும் இதே இடைவெளிதான். பழைய 360 டிகிரி கிராங்கில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும். வெடிப்பு சீராக இருக்கும், ஆனால் வண்டியே குலுங்கும். 180-இல் ஒன்று ஏற ஒன்று இறங்கும். அந்தக் குலுக்கல் அடங்கினாலும், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வரும் மெல்லிய அதிர்வு மிஞ்சிவிடும். 270-இல் ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கிற நேரத்தில் மற்றது ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அந்த மெல்லிய அதிர்வு ஒன்றையொன்று தீர்த்துவிடுகிறது. மிச்சம் இருக்கும் குலுக்கலை இரண்டு பேலன்சர் தண்டுகள் வாங்கிக்கொள்கின்றன. யமஹா 1995-இல் டிஆர்எக்ஸ்850-இல் இந்தக் கிராங்கை வைத்தது. இன்று பெரிய இரட்டை சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் வருகிறது.

776 சிசி. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 84 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 70. இழுவை 78 நியூட்டன் மீட்டர், அதுவும் 6,800 ஆர்பிஎம்மிலேயே. இதைத்தான் நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு சிலிண்டர் வண்டியைப் போல இதைப் பிழிந்து எடுக்க வேண்டியதில்லை. 4,000-க்கும் 7,000-க்கும் நடுவிலேயே சாலையில் வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். அதே சமயம் மிகக் குறைந்த ஆர்பிஎம்மில், பெரிய கியரில், த்ராட்டிலை, அதாவது ஆக்சிலேட்டரை, திறக்காதே. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகச் செயினை அடிக்கும். மெதுவாகத் திரும்பும்போது அந்த அடியில் இன்ஜின் நின்றுபோனால் வண்டி சாய்கிற பக்கமே விழும். அதனால் மெதுவான திருப்பத்தில் முதல் கியர், கிளட்சைப் பாதி பிடித்தபடி, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி. முன் பிரேக்கைத் தொடவே தொடாதே.

மீட்டர் தெரிகிற படத்தில் 412 கி.மீ. என்று பார்த்தேன். ஓட்டிப் பழக்கும் காலத்தில்தான் இருக்கிறாய். அந்த ஆர்பிஎம் வரம்புகள் கையேட்டில் இருக்கின்றன, மீறாதே. ஆனால் வரம்புக்குள் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டுவதும் கெடுதல். ஏற்றி இறக்கி ஓட்டு. கொஞ்சம் பாரம் கொடுத்து இழுக்கவிட்டு, பிறகு த்ராட்டிலை மூடி வண்டியைத் தானே வேகம் குறையவிடு. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு படிவது அப்படித்தான். 1,000 கி.மீ. சர்வீஸைத் தள்ளிப்போடாதே. முதல் ஆயிலில் உலோகத்தூள் கலந்திருக்கும். ஆயிலும் ஃபில்டரும் சேர்ந்தே மாற வேண்டும். ஆயில் 10டபிள்யூ-40 ரகம், டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜாசோ எம்ஏ குறி இருக்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றிவிடாதே, கிளட்ச் வழுக்கும்.

புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 150, 200 கி.மீ. வரை சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது முதல் சில கிலோமீட்டர் மிகவும் பொறுமையாகப் போ. காற்று முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ, டயர் ஆறியிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஓடி வந்ததும் பார்த்தால் கூடுதலாகக் காட்டும், நீ இறக்கிவிடுவாய், மறுநாள் குறைவாக இருக்கும். செயினை 500 கி.மீ.க்கு ஒருமுறை பார். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி எங்கே அதிகம் இறுகியிருக்கிறதோ அங்கே வைத்துத் தளர்வை அளக்க வேண்டும். செயின் தொங்குவது தெரிந்துவிடும், இறுகியிருப்பது தெரியாது. உட்காரும்போது பின்சக்கரம் மேலேறும், செயின் இன்னும் இறுகும், கியர்பாக்ஸ் தண்டின் பேரிங் போய்விடும்.

கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றும் க்விக் ஷிஃப்டர் உனக்குப் பிடித்திருக்கும் என்று தெரியும். மேல் கியருக்கு த்ராட்டில் திறந்திருக்கும்போது, கீழ் கியருக்கு முழுக்க மூடியபின். கியர் லீவர் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே. கால் அழுத்துவதைக் கியர் மாற்றப் போகிறாய் என்று சென்சார் எடுத்துக்கொள்ளும். ஏ, பி, சி என்று மூன்று மோடு இருக்கிறது. முதல் மாதம் சி-யில் ஓட்டு. அதிலும் முழு சக்தி கிடைக்கும், த்ராட்டில் மட்டும் மென்மையாக எழும். பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் ட்ராக்ஷன் கண்ட்ரோல் 3-இல் இருக்கட்டும். ஒன்றை மறக்காதே: இந்த வண்டிக்குத் தான் எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று தெரியாது. சாய்வை அளக்கும் ஐஎம்யு இதில் இல்லை. ஏபிஎஸ் சக்கரம் பூட்டுவதைத்தான் பார்க்கும். சாய்ந்த நிலையில் முன் பிரேக்கை அள்ளிப் பிடித்தால் அது காப்பாற்றும் என்று நம்பாதே.

ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. மேலேயே எழுதிவிட்டேன், இருந்தாலும் இன்னொரு முறை. 205 கிலோ வண்டி. நேராக நிற்கிற வரைதான் அது நம்முடையது. ஹேண்டில் திரும்பிய நிலையில் முன்சக்கரம் நின்றால் அதைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கி, மொத்த எடையும் திரும்பிய பக்கமே சரியும். கால் ஊன்றினாலும் தாங்காது. வலது பக்கம் திரும்பும்போது இன்னும் கடினம். பின் பிரேக் வலது காலில் இருக்கிறது, ஊன்ற வேண்டியதும் அதே கால்தான்.

யாருக்கும் நடக்கக்கூடியதுதான். பொதுவாகத் தெரிந்துவைத்துக்கொள்ள எழுதுகிறேன். வலது பக்கம் விழுந்தால் முதலில் இன்ஜினை நிறுத்து, சாவியைத் திருப்பு. விழுந்ததை உணரும் சென்சார் இன்ஜினை அணைத்திருக்கும்; சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பார். தூக்குமுன் சைட் ஸ்டாண்டைக் காலால் வெளியே தள்ளிவிடு, அது மேலே பார்த்தபடி இருக்கும். தூக்கியபின் அந்தப் பக்கம் கவிழாமல் இருக்க அது வேண்டும். முதல் கியரில் போட்டால் உருளாது. ஹேண்டிலை முழுக்க வலது பக்கம் திருப்பி, சீட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஒரு கையால் கீழே கிடக்கும் கைப்பிடியையும் இன்னொரு கையால் பின்பக்க ஃப்ரேமையும் பிடித்துக்கொண்டு, கால் பலத்தால் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் தள்ளு. இடுப்பை வளைத்துத் தூக்காதே. கை வலித்தால் தூக்கவே தூக்காதே. யாராவது வரும்வரை கிடக்கட்டும்.

பிறகு பார்க்க வேண்டியது. முன் பிரேக் லீவர் வளைந்திருந்தால் நிமிர்த்தப் பார்க்காதே. வார்ப்பு அலுமினியம், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கும், அவசரமாகப் பிடிக்கும் அன்று கையோடு வரும். நுனி உருண்டை போயிருந்தாலும் மாற்றிவிடு, கை வழுக்கும். ஹேண்டில் நுனியில் இருக்கும் பார் எண்ட் உள்ளே தள்ளப்பட்டிருந்தால் த்ராட்டில் கைப்பிடி உரசும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, த்ராட்டிலைத் திறந்து விட்டுப் பார், சட்டென்று தானாக மூட வேண்டும். பின் பிரேக் பெடல் உள்ளே வளைந்திருக்கிறதா, அமுக்கினால் தடையின்றி மேலே வருகிறதா? கிளட்ச் மூடி வலது பக்கம்தான் இருக்கிறது. சிராய்ப்பைத் துடைத்துவிட்டு, இன்ஜின் சூடானபின் ஆயில் கசிகிறதா என்று பார். நேராகப் போகும்போது ஹேண்டில் கோணலாக இருந்தால் ஃபோர்க் அதன் பிடியில் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அந்தப் பிடியை இறுக்கும் பிஞ்ச் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கி, டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டு அளவுக்கு இறுக்கினால் சரியாகிவிடும். ஹெல்மெட் தரையில் இடித்திருந்தால் தூக்கிப் போடு. உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறைதான் நசுங்கும், மேலே ஓடு பளபளவென்றே இருக்கும்.

நீ பெரிய பெண். உன் வண்டி, உன் சம்பாத்தியம். அந்தச் சிவப்பு வண்டி விஷயத்தை அம்மாவிடம் இன்றுவரை நான் எடுத்ததில்லை, இதையும் எடுக்க மாட்டேன். ஆனால் பக்கம் பக்கமாக டைப் செய்கிறவள் மூன்று வாரமாகக் குரல் செய்தியே அனுப்புகிறாய். வீடியோவில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. புது வண்டி வாங்கியவர்கள் சைலன்சர் பக்கத்தைத்தான் முதலில் படம் எடுப்பார்கள். உன் ஐந்து படங்களும் இடப்பக்கம். ஒன்றில் மட்டும் முன்னாலிருந்து கொஞ்சம் தெரிகிறது. வலது பார் எண்டில் கறுப்பு உரிந்து வெள்ளை தெரிகிறது, லீவரின் நுனி உருண்டை இல்லை.

வலது மணிக்கட்டைப் பார். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? த்ராட்டில் முறுக்கும்போது, பாட்டில் மூடி திறக்கும்போது வலிக்கிறதா? வலித்தால் சுளுக்கு என்று விட்டுவிடாதே. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு அந்தக் குழிக்குக் கீழே இருக்கும் சின்ன எலும்பு விரிசல் விடுவது உண்டு. முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்தாலோ ஸ்கேன் எடுத்தாலோ தெரியும். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் சேராமலே போய்விடும். ஏற்கனவே ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாலும் மறுபடி போய்க் காட்டு. அந்தக் குழியில் வலிக்கிறது என்று நீயே எடுத்துச் சொல்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். லீவர் முதலில் வந்திருக்கிறது, உன் மணிக்கட்டு பின்னால் வந்திருக்கிறது. அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். நீ முதன்முதலாக விழுந்தபோது ஓடி வந்து முதலில் நிமிர்த்தியது வண்டியைத்தான். டேங்க் நசுங்கியதா என்று தடவிப் பார்த்தேன். நீ முழங்கையைப் பிடித்தபடி ஓரமாக நின்றாய். "கிளட்சை ஏன் விட்டாய்?" என்றுதான் கேட்டேன். உனக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ ஒருமுறைகூட விழுந்தேன் என்று என்னிடம் சொன்னதில்லை. இத்தனை வருஷம் விழாமலா இருந்திருப்பாய்? பெண் நன்றாக ஓட்டுகிறாள் என்று நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் இருக்க உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான், பாப்பா. அதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடிபட்டதா?

லீவரை மாற்றும்வரை வண்டியை எடுக்காதே. கை சரியாகும்வரையும் எடுக்காதே. கிளட்சுக்கு இடது கை போதும், முன் பிரேக்குக்கு வலது கை வேண்டும். அதுவரை பேட்டரி இறங்காமல் சார்ஜரில் போட்டு வை. லீவர் மாற்றுவது பத்து நிமிட வேலை. லீவர் அசையும் அச்சான பிவட் போல்ட்டும் அதன் கீழே இருக்கும் நட்டும்தான். புது லீவரின் பிவட்டில் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவ வேண்டும். வீடியோவில் கூப்பிடு, நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நீ போனைப் பிடித்துக்கொள், யாராவது போல்ட்டைக் கழற்றட்டும்.

வலப்பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. நீயும் வண்டிப் பக்கத்தில் நில், கை தெரிகிற மாதிரி.

அன்புடன்
அப்பா