டி செல்களிடம் எதிரிகளின் பட்டியல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் நோயெதிர்ப்பு மண்டலம் குறித்து வெளியான கட்டுரை, கடினமான பொருளை எளிய நடையில் சொல்லியிருந்தது. ஆயினும் தொற்றை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளையணுக்களான டி செல்களைக் குற்றவாளிகளின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ரோந்து போகும் காவலர்களாக அது வருணித்திருப்பது விஷயத்தையே தலைகீழாக்கிவிடுகிறது. அப்படி ஒரு பட்டியல் டி செல்களிடம் கிடையாது. இதற்கு முன் எந்த மனிதரையும் தொற்றியிராத புதிய வைரஸையும் அவற்றால் எதிர்க்க முடிகிறது என்பதே இதற்குப் போதிய சான்று. உயிரியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

டி செல்லின் பரப்பில் இருந்து இலக்கைப் பற்றி அடையாளம் காணும் மூலக்கூறான ஏற்பி, முழு வைரஸையோ முழுப் புரதத்தையோ பார்ப்பதில்லை. நம் செல்கள் தமக்குள் உருவாகும் புரதங்களை ஓயாமல் துண்டாக்கி, பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் நீளமுள்ள அந்தத் துண்டுகளை (பெப்டைடுகளை) எம்எச்சி என்னும் மூலக்கூறின் பள்ளத்தில் பொருத்தி, வெளிப்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கின்றன. நலமான செல்லில் இந்தத் துண்டுகள் நம்முடையவை. வைரஸ் புகுந்துவிட்ட செல்லிலும் பெரும்பாலானவை நம்முடையவைதான், அவற்றுக்கிடையே வைரஸின் துண்டுகளும் கலந்திருக்கும். அந்தச் சில துண்டுகளைக் கண்டுகொள்வதே டி செல்லின் வேலை.

இதை வெளிப்படுத்திய சோதனையைக் கட்டுரை ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்கலாம். 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும், எலிகளின் மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தொற்றுக்கு ஆளான எலியிலிருந்து எடுத்த டி செல்கள், அதே வகை எலியின் வைரஸ் தொற்றிய செல்களைக் கொன்றன. எம்எச்சி வேறுபட்ட இன்னொரு வகை எலியின் செல்களையோ, உள்ளே அதே வைரஸ் இருந்தும், அவை விட்டுவிட்டன. வைரஸ் மட்டுமே அடையாளம் என்றால் இரண்டையும் கொன்றிருக்க வேண்டும். தன் உடலின் எம்எச்சியும் அதில் அமர்ந்திருக்கும் துண்டும் சேர்ந்த ஒன்றையே டி செல் காண்கிறது என்ற இந்த முடிவுக்காக இருவரும் 1996-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அப்படியானால் 'நம்முடையது', 'அந்நியமானது' என்ற பிரிவினை எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு டி செல்லும் தன் ஏற்பிக்கான ஜீன் துண்டுகளைத் தற்செயலான வரிசையில் இணைத்துக்கொள்வதால், நம் உடலையே தாக்கக்கூடிய ஏற்பிகளும் தவறாமல் உருவாகின்றன. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில்தான் இவை வடிகட்டப்படுகின்றன. உடலின் எம்எச்சியைச் சிறிதும் பற்றத் தெரியாத செல்கள் அங்கே மடிகின்றன. உடலின் சொந்தத் துண்டுகளை மிக இறுகப் பற்றுபவற்றில் பெரும்பாலானவையும் கொல்லப்படுகின்றன. எஞ்சி வெளியேறுபவை 100-க்கு ஏறத்தாழ ஐந்து, அல்லது அதற்கும் குறைவு. ஆக, டி செல்கள் அந்நியரைப் பற்றிக் கற்றுக்கொண்டு வருவதில்லை; நம்மைத் தாக்கக்கூடியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுபவையே அவை.

கணையத்தில் சுரக்கும் இன்சுலினைத் தைமஸில் வளரும் டி செல் எப்படிச் சந்திக்கும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு, நியாயமான கேள்விதான். தைமஸின் உட்பகுதியில் உள்ள சில செல்கள், 'ஏர்' என்னும் ஜீனின் துணையோடு, மற்ற உறுப்புகளுக்கே உரிய ஆயிரக்கணக்கான புரதங்களைச் சிறிதளவு தயாரித்துக் காட்டுகின்றன. இன்சுலினும் அவற்றில் ஒன்று. இந்த ஜீன் பழுதாகப் பிறந்தவர்களுக்கு அட்ரீனல், பாராதைராய்டு போன்ற சுரப்பிகளை அவர்களுடைய டி செல்களே தாக்குகின்றன. இதைவிட நுட்பமான ஒரு செய்தியும் உண்டு. இன்சுலின் ஜீனுக்கு முன்னால் உள்ள டிஎன்ஏ பகுதி ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. தைமஸில் இன்சுலின் கூடுதலாக உருவாகும் வகையைப் பெற்றவர்களுக்கு, இன்சுலின் சுரக்கும் செல்களை டி செல்கள் தாக்குவதால் வரும் முதல் வகை நீரிழிவுக்கான வாய்ப்பு குறைவு.

தைமஸின் வடிகட்டல் முழுமையானதன்று. தப்பி வருபவற்றுக்கு வெளியிலும் தடைகள் உள்ளன. ஏற்பி ஒரு துண்டைப் பற்றிய மாத்திரத்தில் புதிய டி செல் செயலில் இறங்கிவிடாது. துண்டைக் காட்டும் செல்லிடமிருந்து இரண்டாவது சமிக்ஞையும் வர வேண்டும், அது பொதுவாகத் தொற்றோ திசுச் சேதமோ நேரும்போதுதான் வலுவாக வரும். இதற்கும் மேலாக, மற்ற டி செல்களை அடக்கிவைப்பதற்கென்றே ஒரு வகை டி செல்கள் இருப்பதை ஷிமோன் சகாகுச்சி 1995-இல் காட்டினார். அவற்றுக்கு இன்றியமையாத ஃபாக்ஸ்பி3 ஜீனைக் கண்டறிந்த மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் அவருக்கு 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் வழங்கப்பட்டது. அந்த ஜீன் செயலிழந்து பிறக்கும் ஆண் குழந்தைகளின் குடல், தோல், கணையம் எனப் பல உறுப்புகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே தாக்குதலுக்கு உள்ளாகின்றன.

எனவேதான் கட்டுரையின் ஓரத்தில் கட்டம் கட்டி, 'எதிர்ப்புச் சக்தியை எவ்வளவு கூட்டினாலும் நல்லதே' என்று அச்சிட்டிருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. டி செல்களின் தடைகளை உண்மையிலேயே தளர்த்தினால் என்ன ஆகும் என்பதைப் புற்றுநோய் மருத்துவம் காட்டியிருக்கிறது. ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோன்ஜோ ஆகியோரின் கண்டுபிடிப்புகளிலிருந்து பிறந்த, இந்தத் தடைகளைத் தளர்த்தும் மருந்துகள் பல நோயாளிகளின் ஆயுளை நீட்டியிருக்கின்றன. அவற்றைப் பெறுபவர்களில் சிலருக்குக் குடலிலும் தைராய்டிலும் நுரையீரலிலும் தன்னுடல் தாக்குதல் அழற்சி தோன்றுவதும் உண்மையே. கடைகளில் விற்கும் சத்துப் பொடிகளுக்கு அத்தனை வலிமை இருப்பதாக நான் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும் முடக்குவாதம் போன்ற தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்களும் தங்கள் வாசகர்களில் இருப்பார்கள். அவர்களில் பலர் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளையே நாள்தோறும் உட்கொள்கிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் எதையும் கூட்டவோ நிறுத்தவோ கூடாது என்ற ஒரு வரியை அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்