குழந்தைகளோடு வருவோருக்கான விவரங்களையும் வெளியிடுங்கள்: பனிச்சறுக்கு மையங்களின் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் நேஷனல் ஸ்கீ ஏரியாஸ் அசோசியேஷன், கனடாவின் கனடியன் ஸ்கீ கவுன்சில் ஆகிய அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு ஒரு பனிக்கால விடுமுறையைத் திட்டமிடும் பெற்றோர் உங்கள் உறுப்பு மையங்களின் விளம்பரங்களைப் பார்த்தால், முதலில் கண்ணில் படுபவை மலையுச்சியின் உயரம், ஏக்கர் கணக்கு, ஆண்டுப் பனிப்பொழிவு, சறுக்குத் தடங்களின் எண்ணிக்கை ஆகியவைதாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள விஸ்லர் பிளாக்கோம் மையம் 8,000 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது என்பது தேர்ந்த சறுக்காளருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. முதன்முறையாகச் சறுக்குக் காலணி அணியப்போகும் நான்கு வயதுக் குழந்தைக்கோ அந்த வாரம் முழுவதும் கழியப்போவது ஒரே ஒரு சிறு சரிவில்தான். அந்தச் சரிவு எங்கே இருக்கிறது, தங்கும் அறையிலிருந்து அங்கே எப்படிப் போவது, குழந்தை அழுதால் எவ்வளவு நேரத்தில் நாங்கள் அதனிடம் போய்ச் சேர முடியும் என்பவற்றைத் தெரிந்துகொள்ளத்தான் நாங்கள் பல இரவுகள் தேட வேண்டியிருக்கிறது. இத்தகைய விவரங்களை எல்லா மையங்களும் ஒரே வடிவில், ஒரே பக்கத்தில், பணம் கட்டும் முன்பே காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. டொராண்டோ வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்று குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் பலர், பனியையே பெரியவர்களான பிறகு முதன்முறையாகப் பார்த்தவர்கள். எந்த மலை குழந்தைக்கு ஏற்றது, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லித்தர எங்கள் வீடுகளில் தாத்தா பாட்டியோ பெரியப்பாவோ இல்லை. என்னைப் போன்ற பெற்றோர் இதைப் படித்துத் தங்கள் முடிவுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலில் உயரம். உச்சியின் உயரத்தைவிடக் குழந்தை இரவில் உறங்கும் இடத்தின் உயரமே முக்கியம். கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் நகரமே 2,926 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். டொராண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விமானத்தில் வந்து அதே இரவு அங்கே படுக்கும் குழந்தைக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரக்கூடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையால் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லவும் முடியாது. பயணக் களைப்பு என்றோ பிடிவாதம் என்றோ பெற்றோர் எண்ணிவிடுவார்கள். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் மலைநோய் கூடுதலாக வருகிறது என்பதால், சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பம் முதல் விடுமுறைக்கு அதற்குக் கீழே உறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. யூட்டாவின் பார்க் சிட்டி ஏறத்தாழ 2,100 மீட்டரில் இருக்கிறது. சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். விஸ்லர் கிராமமோ 700 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. கொலராடோதான் வேண்டும் என்பவர்கள் 1,600 மீட்டர் உயரமுள்ள டென்வரில் முதல் இரவு தங்கிவிட்டு மேலே செல்லலாம். உறங்கும் உயரத்தையும் அதற்கான எச்சரிக்கையையும் முன்பதிவுப் பக்கத்தில் இரண்டு வரியில் எழுதுவது எந்த மையத்துக்கும் கடினமான வேலையில்லை.

அடுத்தது, கற்றுக்கொள்ளும் சரிவு இருக்கும் இடம். விஸ்லரில் மழை கிராமத்தில் பெய்யும்போது மேலே பனி பெய்வது வழக்கம். ஆகவே தொடக்கநிலைச் சரிவுகளில் ஒன்றை மலையின் நடுவே, கொண்டோலாவின் (கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் மூடிய பெட்டியின்) இடைநிலையமான ஒலிம்பிக் ஸ்டேஷனில் அமைத்திருக்கிறார்கள். பனிக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுக் கிராமத்தில் காத்திருக்கும் தாய், அழைப்பு வந்தால் கொண்டோலா ஏறித்தான் போக வேண்டும். ஆல்பர்ட்டாவின் பான்ஃப் நகரில் அறை எடுத்தால் மூன்று மையங்கள் கிடைக்கும் என்கிறார்கள். அவற்றுள் நார்க்வே நகரை ஒட்டியே இருக்கிறது. லேக் லூயிஸுக்குச் சாலையில் முக்கால் மணி நேரம் ஆகும். சன்ஷைன் வில்லேஜிலோ வண்டியை நிறுத்திவிட்டு, கொண்டோலாவில் ஏறி மேலே சென்ற பிறகே தொடக்கநிலைச் சரிவைப் பார்க்க முடியும். இவை குறைகள் அல்ல, மலையின் இயல்பு. இருந்தும், காலணியும் கையுறையும் தலைக்கவசமும் அணிவித்து, இரண்டு குழந்தைகளையும் அவர்களின் பலகைகளையும் சுமந்துகொண்டு நடக்கும் பெற்றோருக்கு இந்த வேறுபாடுதான் விடுமுறையையே தீர்மானிக்கிறது. வெர்மான்டின் ஸ்மக்லர்ஸ் நாட்ச் மையத்தில் மூன்று மலைகளுள் மிகச் சிறியதான மோர்ஸின் அடியிலேயே குடியிருப்புகளும் கற்றல் சரிவும் இருப்பதால்தான் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் அதைத் தேடிச் செல்கின்றன. கொலராடோவின் காப்பர் மவுண்டனில் எளிய தடங்கள் மேற்குப் பக்கத்திலும் கடினமானவை கிழக்குப் பக்கத்திலும் இயற்கையாகவே பிரிந்து கிடக்கின்றன. விரைந்து வருபவர்கள் கற்றுக்கொள்வோரின் குறுக்கே வருவது அங்கே குறைவு. உயரம் மட்டும்தான் அங்கே தடை.

தடங்களுக்கு நீங்கள் இடும் அடையாளங்களையும் இங்கே சொல்ல வேண்டும். எளிய தடத்துக்குப் பச்சை வட்டம், நடுத்தரத்துக்கு நீலச் சதுரம், கடினமானதற்குக் கறுப்பு வைரம் என்ற குறிகள் கண்டம் முழுவதும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு மையமும் தன் மலையிலுள்ள பிற தடங்களோடு ஒப்பிட்டே அவற்றை இடுகிறது. ஒண்டாரியோவின் புளூ மவுண்டனில் உச்சியிலிருந்து அடிவரை மொத்த இறக்கம் ஏறத்தாழ 220 மீட்டர்; அங்கே நீலத் தடத்தில் இறங்கப் பழகிய ஆறு வயதுக் குழந்தையை, அதே நிறத்தை நம்பி மேற்கின் பெரிய மலை ஒன்றில் இறக்கினால் நடுவழியில் அஞ்சி நின்றுவிடும். குறைந்தபட்சம் பச்சைத் தடங்களுக்காவது சரிவின் அளவையும் நீளத்தையும் வெளியிடுங்கள். அந்த அளவுகள் மையங்களின் கைவசம் இல்லாமல் இராது.

பனிச்சறுக்குப் பள்ளியைப் பற்றிய விவரங்கள்தாம் மிகவும் சிதறிக் கிடக்கின்றன. குழு வகுப்புக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால் டயப்பர் பழக்கம் விட்டிருக்க வேண்டுமா, ஓர் ஆசிரியரிடம் எத்தனை குழந்தைகள், வெளியே பனியில் எவ்வளவு நேரம், அறைக்குள் எவ்வளவு நேரம், மதிய உணவில் இறைச்சி இல்லாத உணவு உண்டா, இளைய குழந்தைக்குக் காப்பகம் இருக்கிறதா என்பவற்றை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் கேட்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கட்டிய பணம் என்னவாகும் என்பதையும் தெளிவாகச் சொல்வதில்லை. ஐந்து வயதுக்குட்பட்டோருக்குக் காய்ச்சல் வருவது அரிய நிகழ்வு அன்று.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கொலராடோவின் கீஸ்டோனில் இரண்டு இரவுகளோ அதற்கு மேலோ அந்த மையத்தின் வழியாகத் தங்கினால் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்ட் கட்டணம் இல்லை என்பது நல்ல சலுகை. கனடியன் ஸ்கீ கவுன்சில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்திவரும் ஸ்னோபாஸ் என்ற சலுகைச் சீட்டுத் திட்டத்துக்கும் நான் மனமார்ந்த நன்றி சொல்கிறேன். ஆனால் தொடக்கநிலைக் குழந்தைக்கு லிஃப்ட் சீட்டு மிகச் சிறிய செலவு; வகுப்பும் வாடகைச் சாமான்களும்தான் பெரும் செலவு. மேற்கின் பெரிய மையங்களில் ஒரு நாள் வகுப்பே 200 டாலரைத் தாண்டுகிறது. ‘குழந்தைகளுக்கு இலவசம்’ என்ற வரியின் பக்கத்திலேயே வகுப்பு, காலணி, பலகை, தலைக்கவசம், உணவு எல்லாம் சேர்ந்த ஒரு நாள் முழுச் செலவையும் எழுதுங்கள்.

குளிரையும் மறைக்க வேண்டாம். கியூபெக்கின் மோன் ட்ரெம்ப்ளான், உச்சியே 875 மீட்டர் என்பதாலும் வண்டிகள் நுழையாத கிராமம் என்பதாலும் குழந்தைகளுக்கு மிகவும் வசதியான இடம். ஆனால் அங்கே ஜனவரி மிகக் கடுமையானது. காற்றின் விளைவோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28 பாகையைத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். மார்ச் மாதத்தில் பகல் நீண்டிருக்கும். பனியும் போதிய அளவு தங்கியிருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு அதுவே ஏற்ற மாதம் என்று நான் கருதுகிறேன். பிப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமை அமெரிக்காவில் பிரசிடென்ட்ஸ் டே, ஒண்டாரியோவில் ஃபேமிலி டே. இரு நாட்டிலும் கூட்டம் நெரியும் அந்த வாரத்தை இயன்றவரை தவிர்ப்பது நல்லது.

பாதுகாப்பு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. நியூ ஜெர்சியில் 2011 முதல் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். பெரும்பாலான மாநிலங்களில் அத்தகைய சட்டம் இல்லை. அமெரிக்காவின் மேற்கில் கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் சில பழைய லிஃப்டு இருக்கைகளில் பாதுகாப்புத் தண்டே கிடையாது. தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், கால் எட்டாத இருக்கையில் ஆறு வயதுக் குழந்தையை உட்கார வைக்கும் முன் இது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொறுப்புத் துறப்புப் படிவமும் அப்படித்தான். கொலராடோவில் 2003 முதல் பெற்றோர் தம் குழந்தையின் சார்பில், அலட்சியத்துக்காக வழக்குத் தொடுக்கும் உரிமையைக் கைவிடச் சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு கனமான ஒரு படிவத்தை, காலை எட்டரை மணிக்குப் பின்னால் வரிசை நீண்டிருக்கும்போது நீட்டிக் கையெழுத்துக் கேட்பது முறையன்று. முன்பதிவின்போதே அதை முழுவதும் படிக்கத் தாருங்கள்.

மையங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுபவை, பொது வடிவத்துக்கு இசையமாட்டா என்று நீங்கள் சொல்லக்கூடும். பச்சை, நீலம், கறுப்பு என்ற குறிகளுக்கு 1960களின் பிற்பகுதியில் அவை இசைந்தனவே. உறங்கும் இடத்தின் உயரம், கற்றல் சரிவின் அமைவிடம், அதற்கு அறையிலிருந்து நடக்க வேண்டிய தூரம், பச்சைத் தடங்களின் அளவுகள், வகுப்பின் வயது வரம்பு, ஆசிரியர் விகிதம், ஒரு நாள் முழுச் செலவு, நோயுற்றால் பணம் திரும்பும் விதி, லிஃப்டு இருக்கைகளின் தண்டு, துறப்புப் படிவத்தின் முழு வாசகம் ஆகியவை இருந்தால் எங்களுக்குப் போதும். அடுத்த பருவத்துக்கான சீட்டுகளைப் பெரிய மையங்கள் வசந்தகாலத்திலேயே விற்கத் தொடங்கிவிடுகின்றன. அதற்கு முன்பாக இந்தப் படிவத்தை வகுத்து உறுப்பு மையங்களுக்கு அனுப்புங்கள் என்றும், வகுக்கும் குழுவில் சின்னக் குழந்தைகளின் பெற்றோர் சிலரை, குறிப்பாகப் பனிச்சறுக்கைப் புதிதாக அறிந்துகொள்ளும் குடும்பங்களிலிருந்து, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டொராண்டோவில் வாழும் ஒரு தாய்