உன் அப்பாவின் ஐம்பத்தெட்டு

மஞ்சக்குப்பம், கடலூர்
மார்ச் 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பலில் பதில் போடாமல் இருந்தேன் என்று நினைக்காதே. "அப்பா பெட்டியில இருக்கிற லென்ஸெல்லாம் பாப்பா வாங்கின புது கேமராவுக்கு ஆகுமா, இல்ல காயலான் கடைக்குப் போட்டுடலாமா" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். போட்டுப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

முதலில் ஊர்ச் சேதி. வீட்டில் எல்லோரும் நலம். எனக்கு வலது முட்டி மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முறுக்கிக்கொள்கிறது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலும், அதற்குப் பின்னாலேயே தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் போட்ட போட்டில் சுவரில் ஏறிய ஈரம் பொங்கல் வரைக்கும் இறங்கவில்லை. துறைமுகத்தில் உங்கள் வீட்டுப் பரண் வரை தண்ணீர் வரவில்லை. ஈரக்காற்று மட்டும் நன்றாகவே போயிருக்கிறது. அண்ணன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போனார். சாவி யாரிடமும் இல்லை. பூட்டை உடைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

திறந்ததும் அந்த வாசனை வந்தது. படம் கழுவும் ஹைப்போ மருந்தும் பழைய தோலும் கலந்த டார்க் ரூம் வாசனை. உள்ளே ஸெனிட் இ கேமரா, அதிலேயே மாட்டியபடி 58 மி.மீ. ஹீலியோஸ் 44-2 லென்ஸ். தனியாக ஒரு சூப்பர் டாக்குமர் 50 மி.மீ., எஃப் 1.4. தோல் உறைக்குள் ஒரு 135 மி.மீ. லென்ஸ். அப்புறம் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' பேப்பர் காலி கவர்கள், ஒரு கட்டு நெகட்டிவ், எந்தக் கல்யாணம் என்று தெரியவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: ஆகும். மூன்றுமே எம் 42 மரை லென்ஸ்கள். 42 மி.மீ. விட்டம், ஒரு மி.மீ. புரி, பல்பு மாதிரி திருகி மாட்டுவது. என்னிடம் இருப்பது சோனி ஆல்ஃபா 6000, பாப்பாவுடையதும் சோனி என்கிறாய், அதனால் ஒரே அடாப்டர் போதும். அடாப்டர் என்றால் ஏதோ பெரிய கருவி என்று நினைக்காதே, உள்ளே லென்ஸ் எதுவும் கிடையாது, வெறும் குழாய். பழைய ஃபிலிம் கேமராவில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒன்று இருக்கும், அது மேலே எழும்ப இடம் வேண்டும். எம் 42-க்கு அந்த இடைவெளி 45.46 மி.மீ. இப்போது வருகிற மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லாததால் சோனிக்கு 18 மி.மீ. போதும். மிச்சம் 27.46. அந்தத் தூரத்தைக் காற்றால் நிரப்பும் குழாய்தான் அடாப்டர். பாப்பா அந்தக் கண்ணாடி உள்ள நிக்கான் டிஎஸ்எல்ஆர் வாங்கியிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது. அதற்கு இடைவெளி 46.5, எம் 42-ஐ விட ஒரு மி.மீ. அதிகம். அந்த ஒரு மி.மீ.யால் தூரத்தில் இருக்கும் எதுவும் ஃபோகஸ் ஆகாது, நடுவில் இன்னொரு லென்ஸ் துண்டு வைத்த அடாப்டர் வேண்டும், அது படத்தைக் கெடுக்கும்.

நான் முதலில் வாங்கியது ஆயிரத்துக்குள் கிடைத்த அடாப்டர். மாட்டினால் லென்ஸின் எண்கள் எல்லாம் பக்கவாட்டில் போய் நின்றன. ஓரத்தில் மூன்று குட்டித் திருகாணிகள், கடிகாரக்காரர் வைத்திருக்கும் அளவு. அவற்றைத் தளர்த்தி உள் வளையத்தைத் திருப்பி நேராக்க வேண்டும். நேராக்கினேன், இறுக்க மறந்தேன். சில்வர் பீச் சவுக்குத் தோப்பில் ஃபோகஸ் திருப்பினால் லென்ஸே சேர்ந்து சுற்றியது. பக்கத்தில் சுண்டல் விற்கிற பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அடுத்து வாங்கியது கொஞ்சம் கனமானது, இன்றுவரை தொந்தரவு இல்லை.

இன்னொன்று, இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க வீணாக்கினேன். லென்ஸ் மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. 'லென்ஸ் இல்லை' என்று சொல்லிவிட்டு ஷட்டரை விடாது. மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை விடு என்று ஒரு வரி இருக்கிறது, அதை ஆன் செய்யச் சொல். அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளையின் அளவை, நாம் கையால் வைப்போம், ஷட்டர் வேகத்தை அது பார்த்துக்கொள்ளும். படத்தோடு சேரும் தகவலில் அபர்ச்சர் எண் பதிவாகாது. உன் அப்பா நெகட்டிவ் கவரில் பென்சிலால் எழுதி வைப்பாரே, அந்த மாதிரி நானும் ஒரு பாக்கெட் நோட்டு வைத்திருக்கிறேன்.

சரி, ஹீலியோஸ். முன் வளையத்தில் ரஷ்ய எழுத்து. முதல் எழுத்து தூக்குமரம், நடுவில் திரும்பி நிற்கும் என். ஒன்பதாம் வகுப்பில் அதைப் படிக்க நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? வரிசை எண் 78-ல் தொடங்குகிறது. ரஷ்யாவின் கிராஸ்னகோர்ஸ்க் ஆலை லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த வருஷம். ஜெர்மனியில் யேனா நகரத்து ஸைஸ் கம்பெனி போருக்கு முன் செய்த பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் செய்தது, ஆறு கண்ணாடி, நான்கு தொகுதி. அபர்ச்சருக்கு இரண்டு வளையம் (எஃப் எண் சின்னதானால் துளை பெரிது). ஒன்றில் டக் டக் என்று எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும், இன்னொன்று சத்தமில்லாமல் எஃப் 2-க்கும் அந்த எண்ணுக்கும் நடுவே வழுக்கும். திறந்து வைத்து ஃபோகஸ் பார், பிறகு மூடிவிட்டு எடு. அந்தக் காலத்து ஏற்பாடு, இன்றைய கேமராவுக்கு அப்படியே பொருந்துகிறது.

இந்த லென்ஸில் ஆளுக்குப் பின்னால் மங்கலாகும் பின்னணி சுழல்வது போலத் தெரியும் என்று இளவட்டங்கள் பைத்தியமாக அலைகிறார்கள். புதுச்சேரி டூமா வீதியில் கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுக்க வந்த ஒரு பையன் என் கழுத்தில் இதைப் பார்த்துவிட்டு, "சார், குடுப்பீங்களா" என்று டீக்கடை வரை பின்னால் வந்தான். உண்மையைச் சொல்கிறேன், எஃப் 5.6-க்கு மூடினால் இதுவும் மற்ற ஐம்பதுகளைப் போல ஒரு லென்ஸ்தான். சுழல் வர வேண்டும் என்றால் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், ஆள் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டரில் நிற்க வேண்டும், பின்னால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழும் இலைகள் இருக்க வேண்டும். கடலையும் வானத்தையும் பின்னால் வைத்தால் ஒன்றுமே சுழலாது. வீட்டுக்காரியை வேப்பமரத்தடியில் நிற்க வைத்து எடுத்துக் காட்டினேன். "எனக்குத் தலை சுத்துது, நேரா இருக்கிறதா ஒண்ணு எடுங்க" என்றாள். என் கேமரா சின்ன சென்சார், ஓரத்தை வெட்டிவிடும், 58 மி.மீ. என்பது 87 மி.மீ. லென்ஸ் மாதிரி நெருங்கித் தெரியும். சுழல் ஓரத்தில்தான் அதிகம். பாப்பாவுடையது ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் என்றால் அவளுக்கு முழுச் சுழலும் கிடைக்கும், தலை சுற்றினால் நான் பொறுப்பில்லை.

எனக்கு இதில் பிடித்தது வேறு. போன மாதம் விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போனேன். படகு ஓரத்தில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் நைலான் நூல் சுற்றி, வலை ஊசி கண்ணிக்குள் போய் வந்து முடிச்சு விழுகிறது. ஃபோகஸ் ஆன இடத்தைச் சிவப்பாகக் காட்டும் வசதி இருக்கிறதே, எஃப் 2-ல் அதை நம்பாதே, விரலெல்லாம் சிவப்பாகக் காட்டிவிட்டு முடிச்சை விட்டுவிடும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹீலியோஸின் ஃபோகஸ் வளையம் ரொம்ப தூரம் சுற்றும். கொஞ்சம் திருப்பினால் ஊசி முனை, இன்னும் கொஞ்சம் திருப்பினால் முடிச்சு, அதற்குள் நான் மூச்சு விட்டதில் முடிச்சு நழுவி நகக்கண் வந்தது. மறுபடி. அவர் நிமிர்ந்து பார்த்து, "என்னா தம்பி, கேமரா ரிப்பேரா?" என்றார். அறுபதைத் தாண்டியவனைத் தம்பி என்றதே போதும் என்று உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நிமிஷத்தில் பதினோரு படம், அதில் ஒன்றில் முடிச்சு சரியாக விழுந்திருக்கிறது. அச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

டாக்குமரை வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்துப் பார்த்தால் டீ டிகாக்‌ஷன் நிறம். அழுக்கு இல்லை அது. அதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறார்கள், நம் மணவாளக்குறிச்சி கடல்மணலில் இருக்கிறதே, அதே தோரியம். வருஷக்கணக்கில் அதன் கதிர் கண்ணாடியையே மஞ்சளாக்கிவிடும். புற ஊதா வெளிச்சம் பட்டால் தெளியும். பின்பக்கம் அலுமினியத் தாள் சுற்றி மொட்டை மாடியில் தினமும் காலை வெயில் மட்டும் காட்டினேன், மதியச் சூட்டில் உள்ளே கிரீஸ் உருகிவிடும் என்று பயம். இரண்டு வாரத்தில் டிகாக்‌ஷன் எலுமிச்சை ஜூஸ் ஆகியிருக்கிறது. தெளிவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு எடுத்துப்போய் அந்த மஞ்சள் சுவர்களை எடுத்தேன், கேமரா குழம்பிப்போய்ச் சுவரை வெள்ளையடித்துக் கொடுத்தது! கறுப்பு வெள்ளையில் இந்த மஞ்சள் மெல்லிய ஃபில்டர் மாதிரி வானத்தை இருட்டாக்கும் என்பதால் உன் அப்பாவுக்கு அது தொந்தரவாகவே இருந்திருக்காது. கதிர்வீச்சு என்றதும் தங்கச்சி பயப்படுவாள். படம் எடுப்பவருக்கு ஆபத்தான அளவு இல்லை. உடைத்துத் தேய்க்காமல், தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தால் சரி. மாட்டும்போது பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்விட்சை மேனுவலுக்குத் தள்ள வேண்டும், இல்லையென்றால் அபர்ச்சர் மூடவே மூடாது.

135 போய்விட்டது. தோல் உறைதான் எமன். கடலோர ஊரில் தோல் உறைக்குள் லென்ஸை வைத்தால் ஃபங்கஸுக்கு மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி. உள்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பரவி, பூச்சையே தின்றிருக்கிறது. துடைத்தாலும் தடம் போகாது. அதை என் மேசையிலேயே தாள் பறக்காமல் இருக்க வைத்துக்கொள்கிறேன், நல்ல கனம். மற்ற இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். நாற்பதிலிருந்து ஐம்பது சதவீத ஈரப்பதத்துக்குள் இருக்க வேண்டும், சின்ன மீட்டர் ஒன்று உள்ளே கிடக்கிறது. பாப்பாவிடமும் இதைச் சொல், அழகாக இருக்கிறது என்று அந்தத் தோல் உறையை மட்டும் கேட்டு வாங்கிவிடப் போகிறாள்.

கடைசியாக ஒன்று. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கு ஹீலியோஸோடு போனேன். ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்க, வெயில் கிழக்கே நேர் எதிரே. பாதிப் படங்கள் கஞ்சி ஊற்றிய மாதிரி வெளுத்துவிட்டன. கண்ணாடி மேல் ஒற்றைப் பூச்சு மட்டும் உள்ள லென்ஸ், எதிர் வெயில் தாங்காது. வெயில் மறைக்க முன்னால் ஹூட் மாட்டலாம் என்றால் 49 மி.மீ. மரையில் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று உனக்குத் தெரியும். மணி பத்துக்கு நேராக வளையத்தில் அந்த நசுங்கல் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பெட்டியை மறுபடி கிளறினேன். 'இந்து' கவர்களுக்கு அடியில், பேப்பர் சுற்றி வரும் கறுப்புத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிச் செய்த ஒரு குழாய். சரியாக அந்த நசுங்கலுக்கு நேரே ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார். வெளியே பிளாஸ்திரி ஒட்டி, "58 – எதிர் வெயில்" என்று அவர் கையெழுத்து. மாட்டிப் பார்த்தேன், கெட்டியாக உட்கார்ந்தது.

1983-ல் கோட்டைச் சுவர் பக்கம் அந்த லென்ஸைக் கீழே போட்டது நான். நீ உன் கைதவறி விழுந்தது என்று சொல்லி உன் அப்பாவிடம் அறை வாங்கினாய். ஒரு வருஷம் ஸ்டூடியோ பக்கம் வராதே என்றார், நீயும் போகவில்லை. நான் மட்டும் அந்த வருஷம் டார்க் ரூமில் நின்று பிரிண்ட் போடக் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

இரண்டு லென்ஸையும் கூரியரில் போட எனக்கு மனசு வரவில்லை. சித்திரையில் வருகிறேன் என்றாயே, நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. அந்த வளையத்தை நிமிர்த்துகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதே, ஹூட் அப்புறம் உட்காராது. பாப்பா இது எப்படி நசுங்கியது என்று கேட்பாள். இந்தத் தடவையாவது என் பேரைச் சொல்லு.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரன்