நீல் சிலைய எடுத்ததால என்ன அழிஞ்சுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிலைய எடுக்கச் சொல்றவங்க வரலாற்றையே அழிக்கப் பாக்குறாங்கன்னு போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தாரு. அவரு ஒரு தடவ எழும்பூர் மியூசியம் போயி கர்னல் நீல்ங்கிற வெள்ளக்கார தளபதி விஷயத்த தெரிஞ்சுக்கட்டும், டிக்கெட் காசு வேணா நான் தரேன்.

1857ல சிப்பாய் கலகத்த அடக்க மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையோட வடக்க போன ஆளு இவரு. அலகாபாத் பக்கம் கிராமம் கிராமமா தூக்கு. கான்பூர்ல வெள்ளக்கார பொம்பளைங்களையும் புள்ளைங்களையும் கொன்ன வீடு ஒண்ணு இருந்துச்சு (அதுவும் கொடுமைதான், யாரு இல்லேன்னா), அங்க காஞ்சு கெடந்த ரத்தத்த கைதிங்கள நாக்கால நக்க வச்சு அப்புறம்தான் தூக்குல போட்டாரு. அதே வருஷம் லக்னோல செத்தாரு, நம்மூரு மவுண்ட் ரோட்ல ஸ்பென்சர் எதிர்ல சிலையா நின்னாரு, பெங்கால்ல கலகத்த முதல்ல தடுத்து நிறுத்துனவர்னு கீழ கல்வெட்டு வேற. நக்க வச்ச கதை கல்வெட்டுல ஏது?

அத ஊருக்குச் சொன்னது யாருன்னா சிலைய எதிர்த்தவங்கதான். 1927ல அத எடுக்கச் சொல்லி சத்தியாகிரகம் ஆரம்பிச்சு திருநெல்வேலி, மதுரைன்னு எங்கெங்கயோ இருந்து ஆளுங்க வந்து ஜெயிலுக்குப் போனப்பதான் யாருய்யா இந்த நீலுன்னு ஜனங்க கேக்கவே ஆரம்பிச்சிருப்பாங்க. கடலூர் அஞ்சலை அம்மாள் தன் சின்னப் பொண்ணு அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கிட்டு வந்து போராடுனாங்க, அந்தப் புள்ளையையும் போலீஸ் விடல, காந்தி பின்னாடி அதுக்கு லீலாவதின்னு பேர் மாத்தி தன் ஆசிரமத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. இவ்வளவு நடந்தும் சர்க்கார் அசையல. 1937ல ராஜாஜி மந்திரிசபை வந்தப்புறம்தான் சிலை ரோட்ட விட்டுப் போச்சு, கடைசியா மியூசியத்துக்கு வந்து சேந்துச்சு. உடைச்சு கடல்ல போடல பாருங்க!

அவரு பொறந்தது ஸ்காட்லாந்துல அயர் பக்கம், அந்த ஊர்ல இன்னொரு நீல் சிலை இருக்கு, அது அவங்க பாடு. ஆனா அப்பன் பாட்டன தூக்குல போட்டவன நடுரோட்ல நிக்க வச்சு நீ தெனம் அண்ணாந்து பாத்துட்டுப் போன்னா எவனுக்குதான் வயிறு எரியாது?

இனிமே இந்த மாதிரி விவாதம் போட்டா சிலை போட்டோ மட்டும் போடாம பக்கத்துல அஞ்சலை அம்மாள் போட்டோவையும் போடுங்க சார்.

இப்படிக்கு,
சிந்தாதிரிப்பேட்டை வாசகர்