கச்சேரி ராயல்டியும் பாடலாசிரியர் பங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திரையிசைக் கச்சேரிகளுக்கான ராயல்டி, அதாவது பாடலைப் பயன்படுத்துவதற்கான உரிமைத்தொகை, பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் இடையிலான வழக்காகவே பார்க்கப்படுகிறது. தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனதிலிருந்து இந்தப் பார்வை இன்னும் வலுத்துவிட்டது. அந்தப் பாடல்களை எழுதியவர்களுக்கும் மேடைக் கச்சேரியிலிருந்து ஒரு பங்கு வர வேண்டும் என்பதையும், அது எந்த இடத்தில் தவறிப்போகிறது என்பதையும், மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை திரைப்படப் பாடலின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. இந்த நிலையை மாற்றியது 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம். அதற்காக மாநிலங்களவையில் வாதாடியவர் ஜாவேத் அக்தர் என்ற பாடலாசிரியரே. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் தமக்குரிய சம பங்கை, வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாதபடி அந்தத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் காப்பு அளித்தது.

நடைமுறையில், கச்சேரி நடத்துபவர், ராயல்டியை வசூலித்து உரியவர்களுக்குப் பிரித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கத்திடம் உரிமம் பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும். பாடகர் தம் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய பணம் இது என்ற எண்ணம் எங்கள் வட்டாரத்திலேயே பலருக்கு இருக்கிறது, அது சரியல்ல. வசூலாகும் தொகையில் பொதுவாகப் பாதி உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும், கால் பங்கு இசையமைப்பாளருக்கும், கால் பங்கு பாடலாசிரியருக்கும் போகிறது. ஆனால் அன்று மேடையில் என்னென்ன பாடல்கள் பாடப்பட்டன என்ற பட்டியல் சங்கத்தின் கைக்குப் போனால்தான் யாருடைய பாடலுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியும்.

சிக்கல் இங்கேதான். கச்சேரியன்று என் கீபோர்டு மேல் ஒட்டியிருக்கும் தாளில் பாட்டின் முதல் அடி, சுருதி, பாடுபவர் பெயர், படத்தின் பெயர் ஆகியவை இருக்கும். சில சமயம் இசையமைப்பாளர் பெயரும் இருக்கும். எழுதியவர் பெயருக்கு அதில் இடமே இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தாள் குப்பைக்குப் போய்விடுகிறது. கட்டணம் கட்டிவிட்ட அமைப்பாளர்கள்கூடப் பட்டியலைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

பதிப்புரிமை ஒருவர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. நா. முத்துக்குமார் 2016இல், 41 வயதில் காலமானார். அவருடைய பாடல்வரிகளுக்கு 2076 வரை பாதுகாப்பு உண்டு. அவர் எழுதிய பாட்டு ஒன்றாவது இல்லாத மெல்லிசை மேடையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அத்தகைய பாடலாசிரியர்களின் குடும்பத்துக்கு உரியது, நாங்கள் ஒரு தாளை நிரப்பாத காரணத்தால் போய்ச் சேரவில்லை என்றால் அது எங்கள் எல்லோருக்கும் தலைகுனிவு.

பிரிட்டனில் இசைக் கச்சேரிகளுக்கு டிக்கெட் வசூலில் 4.2 சதவீதம் ராயல்டி என்ற விகிதம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கும் பாடல் பட்டியல் கேட்கிறார்கள். திருமண ஊர்வலம், திருமணத்தையொட்டிய கொண்டாட்டம், சமயச் சடங்கு ஆகியவற்றுக்கு நம் சட்டமே விலக்கு அளித்திருப்பதால் கல்யாண வீட்டாரை யாரும் தொந்தரவு செய்யத் தேவையில்லை. நான் சொல்வது டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிகளைத்தான்.

எனவே அரசும் மாநகராட்சிகளும் தங்கள் அரங்குகளையும் மைதானங்களையும் இத்தகைய கச்சேரிகளுக்கு வாடகைக்கு விடும்போது உரிம நகலைக் கேட்டுப் பெற வேண்டும். முன்பணத்தைத் திருப்பித் தரும் முன், பாடலாசிரியர் பெயர்களுடன் கூடிய பட்டியல் சங்கத்துக்கு அனுப்பப்பட்டதற்கான சான்றையும் வாங்க வேண்டும். அதுவரை காத்திராமல், குழு நடத்தும் நண்பர்கள் அடுத்த கச்சேரித் தாளிலேயே எழுதியவர் பெயருக்கு ஒரு கட்டம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெல்லிசைக் கலைஞர் ஒருவர்,
திருச்சி.